ஆகஸ்டுக்குள்ள 61 கொழந்தைங்க வேணும்

எங்கூரு தொடக்கப் பள்ளியில இப்ப 66 கொழந்தைங்க படிக்கறாங்க. அதுல அஞ்சாவது முடிச்சுட்டு வெளிய போறது 16 பேரு, மீதி 50. இந்தக் கணக்கத்தான் பள்ளி மேலாண்மைக் குழுவுல திருப்பித் திருப்பி பேசிட்டே இருக்கறோம். திருப்பூர் மாவட்டத்துல பொங்கலூர் பக்கம் இருக்கற எங்க ஊர மாதிரி தோட்டங்காட்டு ஊருல எல்லாம் இதே கதைதான் நடக்குதுன்னு தெரியும், அதனால எங்க ஊருல என்ன நடக்குது, லீவுக்குள்ள என்னென்ன பண்ணப் போறோம்னு முழுசா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படிங்க.

50ங்கற நம்பர் ஏன் இவ்வளவு பயமுறுத்துதுன்னா, 2009ல வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்துல ஒரு கணக்கு இருக்குது. தொடக்கப் பள்ளியில 60 கொழந்தைங்க வரைக்கும் ரெண்டு டீச்சர், 61லருந்து 90 வரைக்கும் மூணு டீச்சர். ஆகஸ்ட் 1ஆம் தேதி எத்தன கொழந்தைங்க இருக்கறாங்களோ அத வெச்சுத்தான் டீச்சர் போஸ்ட முடிவு பண்ணுவாங்க. அன்னிக்கு எண்ணிக்கை 60ல நின்னுச்சுன்னா மூணாவது டீச்சர் உபரின்னு கணக்காகி, பணிநிரவல்ல வேற ஊருக்கு போயிருவாங்க. ஒரே ஒரு கொழந்தைல ஒரு டீச்சரே போயிருவாங்கன்னு பெத்தவங்க நெறைய பேருக்கு தெரியறதே இல்ல. எனக்கே இந்த குழுவுக்கு வந்த பொறகுதான் தெரிஞ்சுது.

ரெண்டு டீச்சர்னா ஒரு கிளாஸ் ரூமுல என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. கிளாஸ் அஞ்சு, டீச்சர் ரெண்டு, அந்த ரெண்டுல ஒருத்தங்க எங்க பெரிய டீச்சர், அதாவது ஹெச்எம். அவங்களுக்கு எமிஸ்ங்கற கல்வித்துறை வெப்சைட்டுல பதிவு போடறது, மீட்டிங்கு, புஸ்தகம் நோட்டு எடுத்துட்டு வர போறது, சத்துணவுக் கணக்கு எல்லாமே இருக்குது. அவங்க வெளிய போற அன்னிக்கு அஞ்சு கிளாசும் ஒருத்தர் தலையில. இப்ப மூணு பேரு இருக்கறதுனாலதான் ஒண்ணு ரெண்டு மூணாங் கிளாஸ ஒரு டீச்சர் தனியா பாத்துக்க முடியுது. கொரோனா லீவுல கொழந்தைங்க எழுத்தெல்லாம் மறந்து போச்சுன்னு 2022ல எண்ணும் எழுத்தும் திட்டம் கொண்டு வந்தாங்கல்ல, அதுல கொழந்தைங்கள கிளாஸ் பாத்து பிரிக்காம எங்க நிக்கறாங்கன்னு பாத்து அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு ஒவ்வொரு குரூப்புக்கும் தனியா வேலை குடுக்கோணும். அத ஒழுங்கா பண்ணறதுக்கு ஆளு வேணும். எங்க டீச்சர் தரையில உக்காந்து ஒரு குரூப்புக்கு எழுத்து அட்டை போட்டுட்டு, அப்படியே திரும்பி இன்னொரு குரூப்போட நோட்ட திருத்திட்டு இருப்பாங்க. எனக்கு தெரிஞ்சு அரும்புல ஆரம்பிச்ச பசங்க ரெண்டு பேரு இந்த வருசக் கடைசில மலருக்கு வந்துட்டாங்க. அந்த டீச்சர விட்டுட்டு என்னத்த பண்ணறது?

சரி, அட்மிஷன். இப்பெல்லாம் மார்ச்சுலயே அரசுப் பள்ளிக்கு சேர்க்கை ஆரம்பிச்சிடறாங்க, முன்ன மாதிரி ஜூன் வரைக்கும் காத்துட்டு இருக்கறதில்ல, இது நெம்ப நல்ல விசயம். நாங்களும் டீச்சருங்களும் சேந்து சாயங்கால நேரமா வீடு வீடா போனோம். மத்தியானத்துல போனா தோட்டத்துல ஒருத்தரும் இருக்கமாட்டாங்க, எல்லாம் மில்லுக்கோ பனியன் கம்பெனிக்கோ போயிருப்பாங்க. இது வரைக்கும் 7 கொழந்தைங்க சேந்திருக்கறாங்க. 57 ஆச்சு. இன்னும் நாலு.

வீட்டுக்கு போனா எல்லாரும் மரியாதையாத்தான் பேசறாங்க, "வாங்க டீச்சர், தண்ணி குடிங்க"ன்னு சொம்பு கொண்டாந்து குடுக்கறாங்க. ஆனா கொழந்தைய கேட்டா "போன வருசமே எல்கேஜி போட்டுட்டமுங்க"ங்கறாங்க. எனக்கு இதுலதான் ஒரு விசயம் வெளங்குச்சு. அஞ்சு வயசுல கொழந்தைய தேடி போறதே லேட்டு. மஞ்சள் வேன் மூணரை வயசுலயே ஊருக்குள்ள வந்து ஏத்திட்டு போயிருது. அதுல ஏறுன கொழந்தைய ரெண்டு வருசம் பீஸ் கட்டி யுகேஜி முடிச்ச பொறகு நம்ம பள்ளிக்கொடத்துக்கு எறக்கி விடறதுக்கு எந்த அம்மாவுக்கும் மனசு வராது, அவங்கள குத்தம் சொல்லவே முடியாது. அப்ப நம்ம போய் நிக்க வேண்டியது அங்கன்வாடியில. மூணு வயசு கொழந்தைங்களோட அம்மாக்கள இப்பயே பள்ளிக்கொடத்துக்கு கூட்டிட்டு வந்து காட்டோணும். அங்கன்வாடி டீச்சர்கிட்ட பேசி, வர்ற ஜூன்லருந்து மாசத்துல ஒரு நாளு அந்தக் கொழந்தைங்கள எங்க பள்ளிக்கு கூட்டிட்டு வந்து பாட்டு, வெளையாட்டுன்னு வெக்கறதுக்கு குழுவுல தீர்மானம் போட்டிருக்கோம். எங்க தீர்மானத்துலயே இதுதான் முக்கியமானதுன்னு எனக்கு தோணுது. இந்த வருசக் கணக்குக்கு ஒதவாது, ரெண்டு வருசம் கழிச்சுத்தான் தெரியும், இருந்தாலும் இத ஆரம்பிக்கலைன்னா வருசா வருசம் ஏப்ரல்ல இதே மாதிரி விரல் விட்டு எண்ணிட்டுத்தான் இருக்கோணும்.

இன்னொரு கேள்வி கேப்பாங்க, "இங்கிலீஷ் வருமா?"ன்னு. அதுக்கு நானு பதில் சொல்றதில்ல, எங்க நாலாங் கிளாஸ் புள்ள ஒருத்திய கூடவே கூட்டிட்டு போயிர்றது. அவ இங்கிலீஷ் புஸ்தகத்த எடுத்து வாசலோரமா நின்னு படிச்சுக் காட்டுவா, தடுமாறுனா நின்னு மறுபடி கூட்டிப் படிப்பா. அந்த வீட்டு அம்மா பாத்துட்டே இருப்பாங்க. சேத்தாலும் சரி சேக்காட்டியும் சரி, நம்ம பள்ளிக்கொடத்துல என்ன சொல்லிக் குடுக்கறாங்கன்னு நேர்ல பாத்தாங்கல்ல, அது போதும்.

அடுத்தது மில்லு குவார்ட்டர்ஸ் கொழந்தைங்க. மீதி இருக்கற 50ல 9 பேரு ஒடிசா, பீகார்லருந்து வேலைக்கு வந்தவங்களோட கொழந்தைங்க. இவங்க இல்லைன்னா எங்க பள்ளியில மூணாவது டீச்சர் எப்பவோ போயிருப்பாங்க, இத ஊருல எல்லாரும் தெரிஞ்சுக்கோணும். அதுலயும் ரெண்டாங் கிளாஸ் ஒடியாக் கொழந்தை ஒருத்தி இருக்கறா, வந்தப்ப ஒரு வார்த்தை தமிழ் தெரியாது, டீச்சர் கைய புடிச்சுட்டே சுத்துவா. போன மாசம் குழு மீட்டிங்குக்கு போர்டுல சாக்பீஸ்ல தலைப்பு எழுதி வெச்சிருந்தாங்க, நாங்க எல்லாம் பாய் விரிச்சு உக்காந்துட்டு இருக்கறப்ப அவளா வந்து போர்டுக்கு முன்னால நின்னு விரல வெச்சு "பள்...ளி... மே...லாண்...மைக்... கு..." வரைக்கும் வந்துட்டா, கடைசி எழுத்துல நாக்க மடிச்சு மடிச்சு பாக்கறா, வரல, டீச்சர் வாயப் பாத்து மறுபடி சொல்றா, நாலாவது தடவ "ழு" வந்துருச்சு. அவங்கம்மா மில்லு ஷிப்ட் முடிச்சு யூனிபாரத்தோடயே வந்து கடைசில உக்காந்திருந்தாங்க, முந்தானையில கண்ணத் தொடச்சுட்டாங்க. நாங்க எல்லாரும் கை தட்டுனோம்.

இவங்க விசயத்துல கவலை என்னன்னா, மே மாசம் சொந்த ஊருக்கு போவாங்க, ட்ரெயின்ல போயிட்டு வர்றதுக்கே நாளாகும், சில குடும்பம் திரும்பி வராது, சிலது வேற மில்லுக்கு போயிரும். அதனால 61 இருந்தா பத்தாது, கூட அஞ்சாறு கொழந்தைங்க இருந்தாத்தான் ஆகஸ்ட் 1 அன்னிக்கு தைரியமா இருக்கலாம். குவார்ட்டர்ஸ்ல இன்னும் பள்ளிக்கே வராத கொழந்தைங்க இருக்கறாங்கன்னு தெரிஞ்சு போய்ப் பாத்தோம். பர்த் சர்டிபிகேட் இல்ல, ஆதார்ல பேர் தப்பா இருக்குதுன்னு பயந்துட்டு சேக்காம வெச்சிருக்கறாங்க. வயசுச் சான்று இல்லைங்கறதுக்காக எந்தக் கொழந்தைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்குது, மொதல்ல சேத்துட்டு பேப்பர அப்பறம் வாங்கிக்கலாம்னு பெரிய டீச்சர் அவங்களுக்கு இந்தியில சொல்லிப் புரிய வெச்சாங்க. மூணு பேரு வர்றேன்னு சொல்லியிருக்கறாங்க. இந்த மாதிரி குவார்ட்டர்ஸ் உங்க ஊருலயும் இருந்தா ஒரு எட்டு போய்ப் பாருங்க, கதவுக்குள்ளயே கொழந்தைங்க உக்காந்திருக்கும்.

ஆண்டு விழா நல்லபடியா முடிஞ்சுது. கொழந்தைங்க வள்ளி கும்மி ஆடுனாங்க. இப்ப நம்ம பக்கம் எந்த விசேசத்துக்கு போனாலும் வள்ளி கும்மிதான், பெரியவங்க ஆடறத பாத்துப் பாத்தே கொழந்தைங்களுக்கு பாதி அடவு வந்துருச்சு, சொல்லிக் குடுக்க வந்த அக்காவுக்கு வேலை சுலபம். மேல சொன்ன ஒடியாப் புள்ளையும் பச்சைப் பாவாடை கட்டி வட்டத்துல நின்னா, பாட்டுக்கு அர்த்தம் முழுசா தெரியாட்டியும் ஒரு கைத்தட்டல் கூட தப்பல.

விழாவோட சேத்து இந்த வருசம் கல்விச் சீர் வெச்சோம். கோயில்கிட்டருந்து ஜமாப் மேளம் அடிச்சுட்டு தட்டத் தூக்கிட்டு ஊர்வலமா பள்ளிக்கொடத்துக்கு வந்தோம். தட்டுல தேங்கா பழம் மட்டும் இல்லீங்க, பென்சில் டப்பா, நோட்டு, சாப்பிடற தட்டு டம்ளர், வாளி, வெளக்கமாறு, ரெண்டு பேனு, ஒரு பீரோ. பீரோவ டெம்போவுல ஏத்தி மாலை போட்டு கூட்டிட்டு வந்தாங்க. கோழிப்பண்ணை வெச்சிருக்கற மாமா ஒருத்தரு அவரு பேத்தி இங்க படிக்கலைன்னாலும் தண்ணி சுத்தம் பண்ற மிஷின் வாங்கிக் குடுத்தாரு. எங்க ஊரு பெரிய ஆத்தா ஒருத்தங்க, எண்பது வயசிருக்கும், இந்தப் பள்ளிக்கொடத்துல ரெண்டாவது வரைக்கும் படிச்சவங்க, தட்டத் தூக்க முடியாம பேத்திகிட்ட குடுத்துட்டு கூடவே நடந்து வந்தாங்க. "கட்டிக் குடுத்த புள்ளைக்கு வருசம் தப்பாம சீர் செய்யறமில்ல கண்ணு, ஊருப் புள்ளைங்க இருக்கற எடத்துக்கு செய்யாம இருக்கலாமா?"ன்னாங்க. அந்த ஆத்தா சொன்னத மைக்குல மறுபடி சொல்ல வெச்சோம். வேன்ல கொழந்தைய அனுப்பற வீட்டுக்காரங்களும் அன்னிக்கு தட்டத் தூக்குனாங்க, அதனாலதான் சொல்றேன், ஊருக்கு பள்ளிக்கொடம் மேல பாசம் இல்லாம இல்ல.

இப்ப அஞ்சாவது முடிக்கற 16 பேரு. என்ர பையனும் அதுல ஒருத்தன். இவங்களுக்கு டிசி வாங்கறப்ப பெத்தவங்க எடுக்கற முடிவு சின்ன விசயம் இல்ல, அதனால இதுக்குன்னே தனியா ஒரு கூட்டம் போட்டோம். அஞ்சாவது வரைக்கும் இங்க படிக்க வெச்சுட்டு, ஆறாவதுக்கு கடன ஒடன வாங்கி மெட்ரிக் ஸ்கூல்ல சேக்கற பழக்கம் எங்க ஊருல நெறைய. அப்படிச் சேத்தா என்னென்ன கைய விட்டு போகுதுன்னு ஒருத்தரும் சொல்றதில்ல. ஆறுலருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சாத்தான் மெடிக்கல் காலேஜுல 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. அது 2020ல வந்துச்சு, அடுத்த வருசமே இன்ஜினியரிங், அக்ரி படிப்புக்கெல்லாம் சேத்து வந்துருச்சு. பொம்பளப் புள்ளைங்க காலேஜ் போறப்ப மாசம் 1000 ரூபா குடுக்கற புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சாங்க, பசங்களுக்கு தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்ட்ல நம்ம கோயமுத்தூர்லதான் தொடங்கி வெச்சாங்க. அதுக்கும் ஆறாவதுலருந்து எங்க படிச்சாங்கன்னுதான் பாப்பாங்க. பதினோரு வயசுல போடற கையெழுத்து பதினேழு வயசுல வந்து நிக்கும். கூட்டத்துல இதச் சொன்னப்ப தறி ஓட்டற அண்ணன் ஒருத்தரு எந்திரிச்சு, "இத ஏனுங்க எங்க மூத்தவளுக்கு ஒருத்தரும் சொல்லல"ன்னு கேட்டாரு. அவருக்கு பதில் சொல்ல எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. அதனாலதான் இங்க இவ்வளவு வெளக்கமா எழுதறேன், உங்க சொந்தத்துல அஞ்சாவது முடிக்கற கொழந்தை இருந்தா இத அவங்களுக்கு அனுப்பி விடுங்க.

16 பேர்ல 11 பேரு பக்கத்து ஊரு கவர்மெண்ட் ஹைஸ்கூலுக்கு போறதுன்னு முடிவாயிருச்சு. ஒரு நாளு எல்லாக் கொழந்தைங்களையும் அங்க கூட்டிட்டு போய்க் காட்டிட்டு வந்தோம். லேப பாத்துட்டு என்ர பையன் வீட்டுக்கு வந்து அந்த கண்ணாடிக் குடுவை பத்தியேதான் பேசிட்டு இருந்தான். டவுன் பஸ் காலையில ஒண்ணுதான் அந்த நேரத்துக்கு வருது, அத விட்டா நடைதான், அதுக்கு டிப்போவுல மனு குடுக்கோணும்.

காலை உணவு விசயத்துலயும் ஒரு மாத்தம் இருக்குது. 2023 ஆகஸ்ட் 25லருந்து எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சில்ல, எங்க பள்ளியில அதுலருந்து ஒரு அக்காதான் சமைக்கறாங்க, மகளிர் குழுவுல இருக்கறவங்க. சமைக்கறவங்க கொழந்தை அதே பள்ளியில படிக்கோணும்ங்கறது கண்டிசன், தாங் கொழந்தையும் சாப்பிடறதுனால பக்குவமா செய்வாங்கன்னு. இந்த அக்காவோட பொண்ணு இப்ப அஞ்சாவது முடிக்கறா, அப்ப அவங்க மாறோணும். வெடியால நாலரைக்கெல்லாம் எந்திரிச்சு வந்து அடுப்பு பத்த வெச்சவங்க, ஒரு நாளு கூட கொழந்தைங்கள காக்க வெச்சதில்ல. புதன்கிழமை பொங்கல் வாசம் ரோட்டு வரைக்கும் வரும். காலையில வெறும் வரக்காப்பி குடிச்சுட்டு வந்த கொழந்தைங்க பதினொரு மணிக்கு மேசையில தலைய சாச்சது எல்லாம் இப்ப இல்லைன்னு டீச்சர் சொல்றாங்க. விழாவுல அந்த அக்காவுக்கு சேலை எடுத்துக் குடுத்தோம். புதுசா வர்றவங்கள மே மாசத்துலயே முடிவு பண்ணி, இந்த அக்கா கூடவே நின்னு அளவெல்லாம் பழகிக்கோணும்னு சொல்லியிருக்கறோம். ரெண்டு பேரு பேரு குடுத்திருக்கறாங்க.

லீவுல செய்ய வேண்டிய மராமத்து பெருசா ஒண்ணும் இல்ல. பாத்ரூம் குழாய் ரெண்டு ஒழுகுது, தண்ணித் தொட்டி கழுவோணும், ஒண்ணாங் கிளாஸ் ஓட்டுல கொரங்கு ஏறி ரெண்டு ஓடு நகந்திருக்குது, ஜூன் மழைக்குள்ள மாத்தோணும். பஞ்சாயத்துல சொல்லியாச்சு. மே 1 கிராம சபையில எழுதியும் குடுத்துருவோம், பேச்சோட விட்டா மறந்துரும்.

அதவிட எனக்கு முக்கியமா படறது புஸ்தகம். வாசிப்பு இயக்கத்துல குடுத்த சின்னச் சின்ன கதைப் புஸ்தகம் பள்ளியில நெறைய இருக்குது, நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா பிரிச்சிருப்பாங்க, பதினாறு பக்கத்துக்குள்ள ஒரு கதை முடிஞ்சுரும். லீவுல அதெல்லாம் பீரோவுக்குள்ள பூட்டி வெக்கக் கூடாதுன்னு நானு அடம் புடிச்சேன். தொலைஞ்சா யாரு பொறுப்புன்னு கேள்வி வந்துச்சு, நியாயமான கேள்விதான். குழுவே நோட்டுல கையெழுத்து போட்டு எடுத்துட்டு, மாரியம்மன் கோயில் மண்டபத்துல செவ்வாய் வெள்ளி சாயங்காலம் கொழந்தைங்களுக்கு குடுத்து வாங்கறதுன்னு முடிவு பண்ணுனோம். மே மாசம் முழுக்க டிவியும் போனுமா இருந்துட்டு ஜூன்ல வந்தா மொட்டுல இருக்கறவன் மறுபடி அரும்புக்கு போயிருவான், அந்த டீச்சர் பட்ட பாடெல்லாம் வீணு. கிழிஞ்சா ஒட்டிக்கலாம்.

கோயில்னு சொன்னதும் இன்னொண்ணு. மாரியம்மன் நோம்பி, அதான் கோயில் திருவிழா, சாட்டியாச்சு, கம்பம் நட்டாச்சு. நோம்பிப் பொங்கலுக்கு வெளியூருல இருக்கற ஒறம்பரை எல்லாம் வரும், திருப்பூருல ஈரோட்டுல வாடகை வீட்டுல இருந்துட்டு பனியன் கம்பெனிக்கு போற எங்க ஊருக்காரங்களும் வருவாங்க. அதுல ஒரு ரெண்டு குடும்பம் கொழந்தைய அமுச்சி (அம்மாவப் பெத்தவங்க) வீட்டுலயே விட்டு இங்க படிக்க வெக்கலாமான்னு யோசிச்சுட்டு இருக்கறாங்க. அதனால மாவெளக்கு அன்னிக்கு சாயங்காலம் கோயிலுக்கு பக்கத்துலயே ஒரு மேசை போட்டு, ரெஜிஸ்டரோட டீச்சர் உக்காரறதா சொல்லியிருக்கறாங்க. அவங்களுக்கு அன்னிக்கு லீவு, இருந்தாலும் வர்றேன்னு அவங்களே சொன்னாங்க. எங்க பழைய மாணவருங்க இதப் படிச்சீங்கன்னா அன்னிக்கு அந்த மேசைக்கு வந்துட்டு போங்க, நீங்க என்ன படிச்சு எங்க இருக்கறீங்கன்னு நாலு பெத்தவங்ககிட்ட பேசுனா நாங்க நாப்பது வீடு ஏறி எறங்குனதுக்கு மேல.

இன்னும் முடியாம நிக்கறது ஆட்டோ விசயம் ஒண்ணுதான். மில்லு குவார்ட்டர்ஸ்லருந்து பள்ளிக்கு வர்றதுக்கு மெயின் ரோட்ட தாண்டோணும், லாரியும் பஸ்சும் நிக்காம போற ரோடு, ஆறு வயசுக் கொழந்தைய தனியா அனுப்ப யாருக்கும் தைரியம் வராது. வர்றேன்னு சொன்ன மூணு கொழந்தைங்களும் ஆட்டோ இருந்தா மட்டும்தான் வருவாங்க. ஊருக்குள்ள ஆட்டோ ஓட்டற தம்பி ஒருத்தரு காலையும் சாயங்காலமும் போயிட்டு வர்றேன்னு ஒத்துக்கிட்டாரு, டீசலுக்கு மட்டும் குடுங்க அக்கான்னாரு. மில்லு மேனேஜர்கிட்ட பாதி கேட்டிருக்கோம், அடுத்த வாரம் சொல்றேன்னாரு. மீதிப் பாதிக்கு குழுவுல ஆளுக்கு கொஞ்சம் போடறதா இருக்குது, நோம்பிச் செலவு முடிஞ்சு மே கடைசில ஒக்காந்து பேசோணும். வெளியூருல இருக்கறவங்க யாராச்சும் ஒரு மாசத்து டீசல ஏத்துக்கறதா இருந்தா பெரிய டீச்சர்கிட்ட சொல்லிருங்க, ரசீது போட்டுக் குடுத்துருவோம்.